ஸ்பார்ட்டக் மாஸ்கோ

ஸ்பார்ட்டக் மாஸ்கோ என்பது ரஷ்யாவின் தலைநகரான மாஸ்கோவை இருப்பிடமாகக் கொண்ட ஒரு தொழில்முறைக் காற்பந்துக் கழகம் ஆகும். 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் தொடங்கப்பட்ட இக்கழகம் சோவியத் ஒன்றியத்தின் வாகையர் பட்டத்தை 12 முறையும், ரஷ்யாவின் வாகையர் பட்டத்தை 10 முறையும் வென்றுள்ளது. சோவியத் கோப்பையை 10 முறை வென்றதன் மூலம் அக்கோப்பையை மிகுதியான முறை பெற்ற அணி என்ற பெருமையும் இதற்கு உண்டு.

சோவியத் காலத்தில் மாஸ்கோவின் பெரிய கழகங்கள் யாவும் ஏதேனும் ஓர் அரசுத் துறையின் அல்லது பெருந்தொழிற்சாலையின் பொறுப்பில் இயங்கின. டைனமோ அணி உள்துறை மற்றும் இரகசியக் காவல் அமைப்புகளையும், சிஎஸ்கேஏ அணி இராணுவத்தையும், லொக்கொமோட்டிவ் அணி இரயில்வேயையும், டார்ப்பிடோ அணி வாகனத் தொழிற்சாலையையும் சார்ந்திருந்தன. ஸ்பார்ட்டக் அணியோ கைவினைஞர்கள், சிறு உற்பத்தியாளர்கள், கடை ஊழியர்கள் ஆகியோரின் கூட்டுறவுச் சங்கங்களின் ஆதரவில் வளர்ந்தது. இதனாலேயே அது "மக்கள் அணி" என அழைக்கப்படுகிறது. இப்பெயர் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது வரலாற்றாளர்களிடையே விவாதிக்கப்படும் ஒன்றாகும்.

அடிப்படைத் தகவல்கள்

- தொடக்கம்: ஏப்ரல் 18, 1922
- இருப்பிடம்: மாஸ்கோ, ரஷ்யா
- நிறங்கள்: சிவப்பு, வெள்ளை
- சின்னம்: சாய்சதுரத்தின் நடுவே, கழகப் பெயரின் முதலெழுத்தான ரஷ்ய "எஸ்"
- விளையாட்டரங்கு: 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட துஷினோ அரங்கு (சுமார் 45,000 இருக்கைகள்)
- பட்டப்பெயர்கள்: மக்கள் அணி, இறைச்சி அணி

தோற்றமும் பெயரும்

மாஸ்கோ நகரின் மேற்குப் பகுதியில் உள்ள பிரெஸ்னியா தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த பகுதியாகும். 1905ஆம் ஆண்டுப் புரட்சியில் இப்பகுதித் தொழிலாளர்கள் முன்னின்று போராடியதால் அது "கிராஸ்னயா பிரெஸ்னியா", அதாவது "சிவப்புப் பிரெஸ்னியா" எனப் பெயர் பெற்றது. இங்கு வாழ்ந்த இளைஞர்கள் சிலர் 1922ஆம் ஆண்டு மாஸ்கோ விளையாட்டு வட்டம் என்ற அமைப்பைத் தொடங்கினர். இவான் அர்த்தேமியெவ் இம்முயற்சியில் முதன்மையான பங்கு வகித்தார். அதே பகுதியைச் சேர்ந்த ஸ்டாரோஸ்டின் குடும்பத்தின் நான்கு சகோதரர்களான நிக்கொலாய், அலெக்சாந்தர், ஆந்திரேய், பியோத்தர் ஆகியோர் பின்னர் கழகத்தின் தூண்களாக விளங்கினர்.

சோவியத் விளையாட்டு நிருவாகம் அடிக்கடி மாற்றியமைக்கப்பட்ட காலம் அது. ஆகையால் கழகத்தின் புரவலர்களும் பெயரும் பலமுறை மாறின.

- 1922: மாஸ்கோ விளையாட்டு வட்டம்
- 1923: கிராஸ்னயா பிரெஸ்னியா
- 1926: பிஷெவிக்கி (உணவுத் தொழிலாளர்கள்)
- 1931: புரோம்கோஒப்பெராத்சியா (உற்பத்திக் கூட்டுறவு)
- 1930களின் முற்பகுதி: டுக்காட் (மாஸ்கோவின் ஒரு புகையிலைத் தொழிற்சாலையின் பெயர்)
- 1935: ஸ்பார்ட்டக்

உணவுத் தொழிலாளர் சங்கத்துடன் இருந்த தொடர்பினால் எதிரணி ஆதரவாளர்கள் இவர்களை "இறைச்சி" என்று கேலி செய்தனர். காலப்போக்கில் ஸ்பார்ட்டக் ஆதரவாளர்களே அச்சொல்லைப் பெருமையுடன் ஏற்றுக்கொண்டனர். இன்றும் அரங்குகளில் அம்முழக்கத்தைக் கேட்கலாம்.

1935ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்களுக்கென நாடளாவிய விளையாட்டு அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. அதற்கு உரோமைப் பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த அடிமை வீரன் ஸ்பார்ட்டகஸின் பெயர் சூட்டப்பட்டது. இத்தாலிய எழுத்தாளர் ரஃபாயெல்லோ ஜொவாஞோலி ஸ்பார்ட்டகஸைப் பற்றி எழுதிய புதினம் நிக்கொலாய் ஸ்டாரோஸ்டினுக்கு இப்பெயரை நினைவூட்டியதாகக் கூறுவர். பொதுவுடைமை இளைஞர் அமைப்பான கொம்சொமோலின் தலைவர் அலெக்சாந்தர் கோசரெவ் இப்புதிய அமைப்புக்குப் பெரும் ஆதரவளித்தார்.

செஞ்சதுக்க ஆட்டம்

1936ஆம் ஆண்டு சூலை மாதம் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் உடற்பயிற்சி நாள் அணிவகுப்பு நடைபெற்றது. ஸ்டாலினுக்குக் காற்பந்தை நேரில் காட்ட வேண்டும் என்று கோசரெவ் விரும்பினார். சதுக்கத்தின் கற்தரை மீது விரிப்பதற்காகப் பச்சை நிறக் கம்பளித் துணிகளைத் தைத்து மாபெரும் விரிப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. பந்து கிரெம்ளின் சுவரிலோ தலைவர்கள் மீதோ பட்டுவிடக்கூடும் என்ற அச்சத்தால் டைனமோ அணி விலகிக்கொண்டதாகவும், ஆகவே ஸ்பார்ட்டக்கின் முதல் அணியும் மாற்று அணியும் தமக்குள் மோதியதாகவும் நிக்கொலாய் ஸ்டாரோஸ்டின் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

ஸ்டாலின் சலிப்படைந்தால் வெள்ளைக் கைக்குட்டை அசைக்கப்படும், உடனே ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கைக்குட்டை அசைக்கப்படவில்லை. 30 நிமிடங்களுக்குத் திட்டமிடப்பட்ட காட்சி ஆட்டம் 43 நிமிடங்கள் நீடித்தது. இந்நிகழ்வு காற்பந்துக்கு அரசின் ஏற்பைப் பெற்றுத் தந்ததோடு, ஸ்பார்ட்டக்கின் பெயரையும் நாடெங்கும் பரப்பியது.

முதல் வெற்றிகள் (1936–1939)

கழகங்களுக்கான சோவியத் கூட்டிணைவுப் போட்டிகள் 1936ஆம் ஆண்டு தொடங்கின. அவ்வாண்டு இளவேனில், இலையுதிர் என இரு பருவங்கள் தனித்தனியே நடத்தப்பட்டன. முதற் பருவத்தில் டைனமோ மாஸ்கோவும், இரண்டாம் பருவத்தில் ஸ்பார்ட்டக்கும் வாகை சூடின. இவ்விரு அணிகளின் பகைமை அன்று தொடங்கியதாகும்.

1937ஆம் ஆண்டு கோடையில், உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த எசுப்பானியாவிலிருந்து பாஸ்க் நாட்டு அணி சோவியத் ஒன்றியத்துக்கு வந்தது. அவ்வணி பல சோவியத் அணிகளை எளிதாக வென்றது. அதனைத் தோற்கடித்த ஒரே அணி ஸ்பார்ட்டக் ஆகும். சூலை 8ஆம் நாள் நடந்த அந்த ஆட்டம் 6–2 என்ற கணக்கில் முடிந்தது.

1938, 1939 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஸ்பார்ட்டக் வாகையர் பட்டத்தையும் கோப்பையையும் ஒருங்கே வென்றது. 1939ஆம் ஆண்டுக் கோப்பைப் போட்டி உலகக் காற்பந்து வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அரையிறுதியில் டைனமோ திபிலீசி அணியை 1–0 என ஸ்பார்ட்டக் வென்றது. பின்னர் இறுதியாட்டத்தில் லெனின்கிராடின் ஸ்டாலினெத்ஸ் அணியை 3–1 என வென்று கோப்பையையும் பெற்றுவிட்டது. அதற்குப் பிறகு, முடிந்துபோன அரையிறுதியை மீண்டும் ஆடுமாறு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அப்போது உள்துறை மக்கள் ஆணையராக இருந்தவர் ஜார்ஜியாவைச் சேர்ந்த லவ்ரேந்தி பெரியா. டைனமோ அமைப்பின் புரவலரும் அவரே. செப்டம்பர் 30ஆம் நாள் நடந்த மறு ஆட்டத்திலும் ஸ்பார்ட்டக் 3–2 என வென்று கோப்பையைத் தக்கவைத்துக் கொண்டது.

ஸ்டாரோஸ்டின் சகோதரர்களின் கைது

1920களில் ஜார்ஜியாவில் நடந்த ஓர் ஆட்டத்தில் பெரியாவுக்கு எதிராகத் தாம் ஆடியதாக நிக்கொலாய் ஸ்டாரோஸ்டின் தம் நினைவுக்குறிப்பில் குறிப்பிடுகிறார். 1939ஆம் ஆண்டிலேயே தம்மைக் கைது செய்ய ஆணை ஆயத்தமாயிற்று என்றும், மோலோடோவ் அதில் கையெழுத்திடாததால் தாம் தப்பியதாகவும் அவர் எழுதுகிறார். ஸ்பார்ட்டக்கின் ஆதரவாளரான கோசரெவ் அவ்வாண்டே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு மார்ச் மாதம், நான்கு சகோதரர்களும் கைது செய்யப்பட்டனர். அவர்களுடன் வேறு சில ஸ்பார்ட்டக் வீரர்களும் சிறைப்பட்டனர். சோவியத் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக முதலில் குற்றஞ்சாட்டப்பட்டது. லுபியாங்கா சிறையில் நீண்ட விசாரணைக்குப் பின் அக்குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. முதலாளித்துவ விளையாட்டைப் புகழ்ந்தமை முதலிய குற்றங்களுக்காக 1943ஆம் ஆண்டு சகோதரர் ஒவ்வொருவருக்கும் 10 ஆண்டு முகாம் தண்டனை விதிக்கப்பட்டது.

நிக்கொலாய் வடக்கிலுள்ள உக்தாவுக்கும், பின்னர்த் தூரக் கிழக்கின் கபரோவ்ஸ்க், அமூர்க்கரைக் கொம்சொமோல்ஸ்க் ஆகிய இடங்களுக்கும் அனுப்பப்பட்டார். ஆந்திரேய் வடமுனை வட்டத்திற்கு அப்பாலுள்ள நோரில்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டார். முகாம் அதிகாரிகள் தத்தம் பகுதி அணிகளுக்குப் பயிற்சியளிக்குமாறு நிக்கொலாயைப் பயன்படுத்திக்கொண்டனர். முகாம் கைதியான அவர் உள்துறையைச் சார்ந்த டைனமோ அணிகளுக்கே பயிற்சியளிக்க நேர்ந்தது. கைதிகளுக்கு வழக்கமான கடும் உழைப்பிலிருந்து அவரைக் காத்தது காற்பந்தே எனலாம்.

1948ஆம் ஆண்டு ஸ்டாலினின் மகனும் மாஸ்கோ வட்டார வான்படைத் தளபதியுமான வசீலி ஸ்டாலின் தமது வான்படை அணிக்குப் பயிற்சியளிக்க நிக்கொலாயை மாஸ்கோவுக்கு வரவழைத்துத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். பெரியாவின் ஆட்கள் அவரை மீண்டும் பிடித்து நகரை விட்டு வெளியேற்றினர். தண்டனையின் எஞ்சிய காலத்தை அவர் கசகஸ்தானில் கழித்தார். அங்கு அல்மா ஆட்டா நகர அணிக்கும் பயிற்சியளித்தார். ஸ்டாலின் 1953ஆம் ஆண்டு மறைந்தார். பெரியாவும் அவ்வாண்டே வீழ்த்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு நிக்கொலாய் விடுவிக்கப்பட்டார். 1955ஆம் ஆண்டு அவர் ஸ்பார்ட்டக்கின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1970களின் நடுவில் ஏற்பட்ட சிறு இடைவெளி நீங்கலாக, 1996ஆம் ஆண்டு தமது 93ஆம் வயதில் இறக்கும் வரை அவர் கழகத்துடனேயே இருந்தார்.

போருக்குப் பிந்திய காலம்

சகோதரர்கள் இல்லாத காலத்திலும் அணி 1946, 1947, 1950 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது. 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் வாகையர் பட்டமும் கிட்டியது. 1954ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்துக்குச் சென்ற ஸ்பார்ட்டக் இலண்டனில் ஆர்சனல் அணியை 2–1 என வென்றது. ஆனால் வுல்வர்ஹாம்ப்டன் அணியிடம் 4–0 எனத் தோற்றது.

1956ஆம் ஆண்டு மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியின் முதுகெலும்பு ஸ்பார்ட்டக் வீரர்களே. அணித்தலைவர் ஈகோர் நெத்தோ, நிக்கித்தா சிமொனியான், செர்கேய் சால்னிக்கொவ், அனத்தோலி இல்யின், அனத்தோலி இசாயெவ், நிக்கொலாய் டிஷென்கோ முதலியோர் அதில் இடம்பெற்றனர். பல்கேரியாவுக்கு எதிரான அரையிறுதியில் காறை எலும்பு முறிந்த நிலையிலும் டிஷென்கோ களத்தை விட்டு வெளியேறவில்லை. மாற்று வீரரை இறக்க அன்றைய விதிகள் இடமளிக்கவில்லை. இறுதியாட்டத்தில் யூகோசுலாவியாவுக்கு எதிரான ஒரே கோலை இல்யின் அடித்தார். நெத்தோ 1960ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற சோவியத் அணிக்கும் தலைவராக இருந்தார்.

1956ஆம் ஆண்டு வாகையர் பட்டம் வென்ற ஸ்பார்ட்டக், 1958ஆம் ஆண்டு பட்டத்தையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. ஓய்வுபெற்ற பின் பயிற்றுநரான சிமொனியான் 1962, 1969 ஆகிய ஆண்டுகளில் அணிக்குப் பட்டம் பெற்றுத் தந்தார்.

தரமிறக்கமும் மீட்சியும்

1970களில் அணி நலிவுற்றது. 1976ஆம் ஆண்டு இலையுதிர்ப் பருவத்தில் 16 அணிகளுள் 15ஆம் இடத்தையே பெற்று இரண்டாம் நிலைக் கூட்டிணைவுக்குத் தரமிறக்கப்பட்டது. கழகத்தின் வரலாற்றில் இது நிகழ்ந்தது அந்த ஒரு முறை மட்டுமே.

மீட்புப் பணி கான்ஸ்தந்தீன் பெஸ்கொவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பரம எதிரியான டைனமோ மாஸ்கோவின் புகழ்பெற்ற முன்னாள் வீரர் என்பதால் இத்தேர்வு பலருக்கு வியப்பளித்தது. அதிகம் அறியப்படாத இளம் வீரர்களைத் திரட்டிய பெஸ்கொவ் 1977ஆம் ஆண்டே அணியை உயர்நிலைக்குக் கொண்டுவந்தார். 1979ஆம் ஆண்டு ஸ்பார்ட்டக் மீண்டும் சோவியத் வாகையர் ஆனது. கோல்காப்பாளர் ரினாத் தசாயெவ், நடுக்கள வீரர்கள் பியோதர் செரென்கொவ், யூரி கவ்ரீலொவ், பின்கள வீரர்கள் வாகீஸ் கிதியத்துல்லின், ஒலெக் ரொமான்த்செவ் ஆகியோர் இக்காலத்தின் முதன்மையான வீரர்கள்.

பெஸ்கொவின் காலத்தில் அணி 1987ஆம் ஆண்டு மேலும் ஒரு பட்டம் வென்றது. 1988ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விலக, ரொமான்த்செவ் பயிற்றுநர் ஆனார். அவரது முதற் பருவமான 1989இல், டைனமோ கீவ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசித் தருணத்தில் வலேரி ஷ்மாரொவ் தடுப்புச் சுவரைத் தாண்டி உதைத்த ஃப்ரீ கிக் கோலாகி, கழகத்தின் 12ஆவதும் இறுதியுமான சோவியத் பட்டத்தை உறுதி செய்தது.

லூஷ்னிக்கி பேரிடர்

1982ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் மாஸ்கோவின் லூஷ்னிக்கி அரங்கில் (அன்று மத்திய லெனின் அரங்கு) ஸ்பார்ட்டக் அணிக்கும் நெதர்லாந்தின் ஹார்லெம் அணிக்கும் இடையே யூஈஎஃப்ஏ கிண்ண ஆட்டம் நடைபெற்றது. கடுங்குளிரும் பனிப்பொழிவும் நிலவியதால் சுமார் 16,000 பார்வையாளர்களே வந்திருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கிழக்குப் பார்வையாளர் மேடையில் அமர்த்தப்பட்டனர்.

16ஆம் நிமிடத்தில் எட்கார் கெஸ் முதல் கோலை அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பலர் எழுந்து வெளியேறத் தொடங்கினர். மெட்ரோ நிலையத்துக்கு அண்மையிலிருந்த முதலாம் எண் படிக்கட்டில் கூட்டம் நெருக்கியடித்தது. பனி உறைந்த படிகளில் சிலர் விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மீது விழுந்தனர். அதே வேளையில் செர்கேய் ஷ்வெத்சொவ் இரண்டாவது கோலை அடித்தார். அந்த ஆரவாரத்தைக் கேட்டுச் சிலர் திரும்பி வர முயன்றதே நெரிசலுக்குக் காரணம் என நெடுங்காலம் கூறப்பட்டது. எனினும் படிக்கட்டில் ஒருவர் விழுந்ததே சங்கிலித்தொடராகப் பரவியது என்பது விசாரணையின் முடிவாகும். அதிகாரபூர்வக் கணக்கின்படி 66 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பதின்ம வயதினரும் இளைஞர்களும் ஆவர்.

மறுநாள் மாஸ்கோ மாலை நாளிதழ் ஒன்றில் சில வரிச் செய்தி மட்டும் வெளியானது. விபத்து நேர்ந்தது, காயமடைந்தோர் உள்ளனர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இறந்தோரைப் பற்றிய குறிப்பே இல்லை. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து, 1989ஆம் ஆண்டில்தான், சோவியத்ஸ்கி ஸ்போர்ட் நாளிதழ் இதனை விரிவாக வெளியிட்டது. அது குறிப்பிட்ட 340 என்ற எண்ணிக்கை பிற்கால ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. உண்மை மறைக்கப்பட்டதே மிகைப்பட்ட எண்ணிக்கைகள் பரவ வழிவகுத்தது. இரண்டாவது கோலை அடித்த ஷ்வெத்சொவ், அதனை அடிக்காமலே இருந்திருக்கலாம் என்று பின்னாளில் வருந்தினார்.

1992ஆம் ஆண்டு அரங்கின் அருகே நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. 25ஆம் ஆண்டு நினைவாக 2007ஆம் ஆண்டு இரு அணிகளின் முன்னாள் வீரர்களும் லூஷ்னிக்கியில் நினைவு ஆட்டம் ஆடினர்.

ஐரோப்பியப் போட்டிகள்

ஸ்பார்ட்டக் இதுவரை எந்த ஐரோப்பியக் கோப்பையையும் வென்றதில்லை. ஆயினும் மூன்று வெவ்வேறு போட்டிகளில் அரையிறுதி வரை முன்னேறியுள்ளது.

- 1990–91, ஐரோப்பியக் கோப்பை: இரண்டாம் சுற்றில் மாரடோனா ஆடிய நாப்போலி அணியைப் பெனால்ட்டி உதைகளில் வென்றது. காலிறுதியில் ரியால் மாட்ரிட் அணியை அதன் சொந்த அரங்கில் 3–1 என வீழ்த்தியது. அரையிறுதியில் பிரான்சின் மார்செய் அணியிடம் தோற்றது.
- 1992–93, கோப்பை வெற்றியாளர் கோப்பை: லிவர்பூல் அணியை மாஸ்கோவில் 4–2 எனவும் லிவர்பூலில் 2–0 எனவும் வென்றது. அரையிறுதியில் பெல்ஜியத்தின் அண்ட்வெர்ப் அணியிடம் தோற்றது.
- 1997–98, யூஈஎஃப்ஏ கிண்ணம்: அரையிறுதியில் இத்தாலியின் இன்டர் அணியிடம் இரு ஆட்டங்களிலும் 2–1 எனத் தோற்றது. மாஸ்கோவில் இன்டரின் இரு கோல்களையும் பிரேசில் வீரர் ரொனால்டோ அடித்தார்.

1982ஆம் ஆண்டு ஆர்சனல் அணியை மாஸ்கோவில் 3–2 எனவும் இலண்டனில் 5–2 எனவும் வென்றது பெஸ்கொவ் காலத்து அணியின் சிறந்த வெற்றிகளுள் ஒன்றாகும். இவ்வெற்றிக்கு அடுத்த சுற்றில்தான் ஹார்லெம் அணியுடனான ஆட்டம் நடைபெற்றது.

வாகையர் கூட்டிணைவின் 1995–96 பருவத்தில் பிளாக்பர்ன், லேகியா வார்சாவா, ரோசன்போர்க் ஆகிய அணிகள் இடம்பெற்ற பிரிவில் ஆறு ஆட்டங்களிலும் ஸ்பார்ட்டக் வென்றது. ஆனால் குளிர்கால இடைவேளையில் அணித்தலைவர் விக்தர் ஒனொப்கோ உள்ளிட்ட முதன்மை வீரர்கள் வேறு கழகங்களுக்குச் சென்றுவிட, காலிறுதியில் நான்ட் அணியிடம் வெளியேறியது. ஏழு ஆண்டுகளுக்குப் பின், 2002–03 பருவத்தில், அதே ஸ்பார்ட்டக் தன் பிரிவில் ஆறு ஆட்டங்களிலும் தோற்று 18 கோல்களை விட்டுக்கொடுத்து ஒரே ஒரு கோலை அடித்தது. சோவியத் ஒன்றியத்தின் முறிவுக்குப் பின் ரஷ்யக் கழகங்கள் தம் சிறந்த வீரர்களைத் தக்கவைக்க இயலாமல் போனதன் விளைவை இவ்விரு பருவங்களும் காட்டுகின்றன.

ரஷ்யக் கூட்டிணைவில் ஆதிக்கம் (1992–2001)

1992ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் சோவியத் கோப்பையின் கடைசி இறுதியாட்டத்தில் ஸ்பார்ட்டக் சிஎஸ்கேஏ அணியை 2–0 என வென்றது. அப்போது சோவியத் ஒன்றியம் கலைந்து நான்கு மாதங்களுக்கு மேலாகியிருந்தது. இல்லாத நாட்டின் கோப்பையை வென்ற அணி என இதனைக் குறிப்பிடலாம்.

புதிய ரஷ்யக் கூட்டிணைவின் முதல் பத்துப் பருவங்களுள் ஒன்பதில் ஸ்பார்ட்டக்கே வாகை சூடியது. 1995ஆம் ஆண்டு மட்டும் விளாதிகவ்காஸ் நகர அணியிடம் பட்டத்தை இழந்தது. 1996ஆம் ஆண்டு கியோர்கி யார்த்செவ் பயிற்றுநராக இருந்தபோது அதே அணியும் ஸ்பார்ட்டக்கும் சம புள்ளிகள் பெற்றன. பட்டத்தைத் தீர்மானிக்க சென் பீட்டர்ஸ்பேர்க்கில் நடந்த "தங்க ஆட்டத்தில்" ஸ்பார்ட்டக் 2–1 என வென்றது. எஞ்சிய எட்டுப் பட்டங்களும் ரொமான்த்செவின் பயிற்சியில் கிடைத்தவை. இக்காலத்தில் ஈகோர் தித்தொவ், ஆந்திரேய் தீகனொவ், தி்மீத்ரி அலெனிச்செவ், இல்யா த்சிம்பலார், வலேரி கார்ப்பின் முதலியோர் புகழ்பெற்றனர்.

வெற்றிகள் தொடர்ந்த இதே பத்தாண்டில் ரஷ்யக் காற்பந்தில் பணமும் வன்முறையும் புகுந்தன. 1997ஆம் ஆண்டு சூன் மாதம் கழகத்தின் பொது இயக்குநர் லாரிசா நெச்சாயெவா சுட்டுக் கொல்லப்பட்டார்.

2001ஆம் ஆண்டுக்குப் பின்

நிருவாக மாற்றங்கள், பயிற்றுநருடனான பூசல்கள் ஆகியவற்றால் அணி சரிவுற்றது. 2003ஆம் ஆண்டு ரஷ்யக் கோப்பையை வென்ற பின் ரொமான்த்செவ் விலக்கப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் எழுந்த ஊக்கமருந்துச் சிக்கலில் தித்தொவுக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு லூக்கோயில் எண்ணெய் நிறுவனத்தின் துணைத்தலைவர் லியனீத் ஃபெதூன் கழகத்தின் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றார். 2005, 2006, 2007, 2009, 2011–12 ஆகிய பருவங்களில் அணி இரண்டாம் இடத்தையே பெற முடிந்தது.

நீண்ட காத்திருப்பு 2016–17 பருவத்தில் முடிவுக்கு வந்தது. இத்தாலியரான மஸ்சிமோ கரேராவின் பயிற்சியில், மூன்று சுற்றுகள் எஞ்சியிருக்கையிலேயே ஸ்பார்ட்டக் பட்டத்தை வென்றது. 16 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த இப்பட்டத்தில் டச்சு முன்கள வீரர் குவின்சி புரோமெசின் பங்கு பெரிது. அவ்வாண்டு ரஷ்யச் சிறப்புக் கோப்பையையும் அணி கைப்பற்றியது.

2021–22 பருவத்தின் யூரோப்பா கூட்டிணைவில் நாப்போலி, லெஸ்டர், லேகியா அணிகள் இடம்பெற்ற பிரிவில் ஸ்பார்ட்டக் முதலிடம் பெற்றது. ஆனால் 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததை அடுத்து ரஷ்ய அணிகள் அனைத்தும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. இதனால் ஜெர்மனியின் லைப்சிக் அணியுடன் ஆடவேண்டிய அடுத்த சுற்று நடைபெறவில்லை. அவ்வாண்டு மே மாதம் டைனமோ மாஸ்கோவை 2–1 என வென்று ஸ்பார்ட்டக் ரஷ்யக் கோப்பையைப் பெற்றது. ஆகஸ்டில் ஃபெதூன் கழகத்தை லூக்கோயில் நிறுவனத்திடம் ஒப்படைத்து விலகினார். கூட்டுறவுச் சங்கங்களின் அணியாகத் தொடங்கிய கழகம் இவ்வாறு நாட்டின் மிகப்பெரிய எண்ணெய் நிறுவனங்களுள் ஒன்றின் உடைமையானது.

விளையாட்டரங்கு

நாட்டின் மிகப் புகழ்பெற்ற கழகங்களுள் ஒன்றாக இருந்தும் ஸ்பார்ட்டக் பல பத்தாண்டுகள் பெரிய சொந்த அரங்கின்றியே ஆடியது. டைனமோ அரங்கு, லூஷ்னிக்கி, லொக்கொமோட்டிவ் அரங்கு எனப் பிறரின் அரங்குகளே அதன் இல்லங்களாயின.

வடமேற்கு மாஸ்கோவில், முன்னாள் துஷினோ வானூர்தித் தளம் இருந்த இடத்தில் கழகத்தின் சொந்த அரங்கு கட்டப்பட்டது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பெல்கிரேடின் சிவப்பு விண்மீன் எனப் பொருள்படும் செர்வெனா ஸ்வெஸ்தாவுடன் நடந்த முதல் ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்தது. நுழைவாயிலின் முன் ஸ்பார்ட்டகஸின் மாபெரும் சிலை நிற்கிறது. உள்ளே, ஆடுகளத்தின் ஓரத்தில், ஸ்டாரோஸ்டின் சகோதரர் நால்வரின் சிலைகள் உள்ளன. 2018ஆம் ஆண்டு உலகக்கோப்பையின் சில ஆட்டங்கள் இங்கு நடந்தன. அவற்றுள் கொலம்பியா–இங்கிலாந்து ஆட்டம் குறிப்பிடத்தக்கது. தொடக்கத்தில் "அத்கிரீத்தியே அரேனா" என்ற பெயருடன் இருந்த இவ்வரங்கு 2022ஆம் ஆண்டு "லூக்கோயில் அரேனா" எனப் பெயர் மாற்றப்பட்டது.

அருகிலுள்ள "ஸ்பார்ட்டக்" மெட்ரோ நிலையத்தின் கட்டுமானம் 1970களிலேயே தொடங்கப்பட்டுப் பயணிகள் இல்லாததால் கைவிடப்பட்டிருந்தது. அரங்கு எழுந்த பின்னரே, 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில், அந்நிலையம் திறக்கப்பட்டது.

ஆட்டமுறை

குறுகிய தூரப் பரிமாற்றங்கள், பந்தைச் சக வீரரிடம் கொடுத்து உடனே திரும்பப் பெற்று முன்னேறும் "சுவர்" உத்தி, இடைவிடாத இடமாற்றம் ஆகியவை ஸ்பார்ட்டக் பாணி எனப்படும். உடல் வலிமையையும் கட்டுப்பாட்டையும் முன்னிறுத்திய டைனமோ கீவ் அணியின் முறைக்கு இது நேர்மாறாகக் கருதப்பட்டது. 1970, 1980களில் இவ்விரு அணிகளின் மோதலே சோவியத் கூட்டிணைவின் முதன்மையான ஈர்ப்பு ஆகும்.

இப்பாணியின் சிறந்த எடுத்துக்காட்டாகப் பியோதர் செரென்கொவைக் கூறுவர். 1983, 1989 ஆகிய ஆண்டுகளில் சோவியத் ஒன்றியத்தின் சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்ட அவர் ஓர் உலகக்கோப்பையில்கூட ஆடும் வாய்ப்பைப் பெறவில்லை. 2014ஆம் ஆண்டு அவர் மறைந்தார். கழகத்தின் இளைஞர் பயிற்சிக்கூடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

ஆதரவாளர்களும் "மக்கள் அணி" என்ற பெயரும்

காவல் துறையின் அணிக்கும் இராணுவத்தின் அணிக்கும் எதிராக ஸ்பார்ட்டக்கை ஆதரிப்பது, வெளிப்படையாகப் பேச இயலாத காலத்தில் தம் மனநிலையைக் காட்டும் வழியாகப் பலருக்கு அமைந்தது எனக் கூறப்படுகிறது. ஸ்டாரோஸ்டின் சகோதரர்களின் சிறைவாசம் இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது.

அமெரிக்க வரலாற்றாளர் ராபர்ட் எடெல்மன் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கழகத்தின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஸ்பார்ட்டக்கும் அதிகார மையங்களுக்கு வெளியே இருந்ததில்லை. கொம்சொமோல், கூட்டுறவு அமைப்புகள், கட்சித் தலைவர்கள் எனச் செல்வாக்குள்ள புரவலர்கள் அதற்கும் இருந்தனர். சிறந்த வீரர்களை ஈர்க்கப் பணமும் வசதிகளும் வழங்கப்பட்டன. செஞ்சதுக்க ஆட்டம், பெரியாவின் பகைமை ஆகியவை பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி நிக்கொலாய் ஸ்டாரோஸ்டினின் நினைவுக்குறிப்புகளிலிருந்தே வருகிறது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஆயினும் நால்வரின் கைதும் தண்டனையும் 1939ஆம் ஆண்டு மறு ஆட்டமும் ஐயத்துக்கு இடமில்லாத நிகழ்வுகள்.

சோவியத் ஒன்றியத்தில் ஒழுங்கமைந்த காற்பந்து ஆதரவாளர் இயக்கம் முதன்முதலாக 1970களில் ஸ்பார்ட்டக் ஆதரவாளர்களிடையே தோன்றியது. சிவப்பு வெள்ளைக் கழுத்துத் துணிகளும் சுவரெழுத்துகளும் அக்காலத்தில் பரவின. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆதரவாளர்களுள் ஒரு பகுதியினரின் இனவெறிச் செயல்களுக்காகக் கழகம் தண்டிக்கப்பட்டுள்ளது. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் ஆதரவாளர் கொல்லப்பட்டதை அடுத்து மாஸ்கோ மனேஷ் சதுக்கத்தில் கூடிய கூட்டம் காக்கேசியப் பகுதியினருக்கு எதிரான வன்முறையில் இறங்கியது.

சாதனைகள்

சோவியத் வாகையர் (12): 1936 (இலையுதிர்), 1938, 1939, 1952, 1953, 1956, 1958, 1962, 1969, 1979, 1987, 1989

சோவியத் கோப்பை (10): 1938, 1939, 1946, 1947, 1950, 1958, 1963, 1965, 1971, 1992

ரஷ்ய வாகையர் (10): 1992, 1993, 1994, 1996, 1997, 1998, 1999, 2000, 2001, 2016–17

ரஷ்யக் கோப்பை (4): 1993–94, 1997–98, 2002–03, 2021–22

ரஷ்யச் சிறப்புக் கோப்பை (1): 2017

சோவியத் வாகையர் பட்டங்களின் எண்ணிக்கையில் 13 பட்டங்கள் பெற்ற டைனமோ கீவ் அணிக்கு அடுத்த இடத்தில் ஸ்பார்ட்டக் உள்ளது. ரஷ்யக் கூட்டிணைவில் ஸ்பார்ட்டக்கின் 10 பட்டங்கள் என்ற எண்ணிக்கையை சென் பீட்டர்ஸ்பேர்க்கின் செனித் அணி 2024ஆம் ஆண்டு எட்டியது. இரு காலங்களின் வாகையர் பட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஸ்பார்ட்டக் 22 பட்டங்களைப் பெற்றுள்ளது.